ஏழு மணிக்கு டிவியில் வருகிறவர்

என் வீட்டுக்காரரிடம் நான் நேரில் கடைசியாகத் தனியாகப் பேசியது விருத்தாசலம் ஜங்ஷனில், இரண்டாம் பிளாட்பாரத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில். நாற்பது நாள் லீவு முடிந்து, திருச்சியில் விமானம் ஏறக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாமனாரும் மாமியாரும் டீ குடிக்கப் போன ஐந்து நிமிஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதான் கடைசி. ரெண்டே வருஷம். அப்புறம் இங்கயே சூள வேலைக்குப் போயிடறேன்" என்றார். அதை நம்பித்தான் அழாமல் அனுப்பி வைத்தேன். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அவர் என்னிடம் பேசியதெல்லாம் டிவியில்தான், நாலு பேர் கேட்கத்தான்.

டிவியில் என்றால் அவர் நடிகரும் இல்லை, செய்தி வாசிக்கிறவரும் இல்லை. வளைகுடா நாட்டில் டைல்ஸ் குடோனில் வேலை. அதற்கு முன்னால் இங்கேயே ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை அடியில் நின்றவர். நானும் பீங்கான் கம்பெனிதான். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் வேகாத பச்சைப் பொம்மைகளின் ஓரத்துப் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது என் வேலை. நாள் முழுக்கப் பிள்ளையார் முகத்தையும் யானை முகத்தையும் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், ஏழு மணிக்கு இன்னொரு முகம் காத்திருக்கும்.

அந்த டிவியை வாங்கியதே அவர்தான். லீவில் வந்த இரண்டாம் வாரம், ஆட்டோவில் ஆள் உயரத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. ஹால் சுவரில் மாட்டி, நெட்டும் போட்டு, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். "மேலேருந்து இழு. இந்தப் படத்த அமுக்கு. டிவி பேரு வரும், அத அமுக்கு. அவ்ளோதான், போன்ல என்னா தெரியுதோ அது டிவில தெரியும். நான் ஊருக்குப் போனாலும் தெனமும் ஹால்ல ஒக்காந்திருப்பேன் பாரு." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளங்கையளவு முகத்தையே இரண்டு வருஷம் பார்த்துச் சலித்தவள் நான். பூட்டை நானே வாங்கி நானே மாட்டிக்கொண்டது போல, ஒரு தரத்துக்கு நாலு தரம் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டேன்.

அவர் போனபின் நடந்தது இதுதான். ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே மாமியார் பாயை விரித்துவிடுவார். மாமனார் நாற்காலியை இழுத்துப் போடுவார். எதிர் வீட்டு அக்கா, "புள்ள வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து உட்காருவார். வீட்டில் இந்த வேலைக்குத் தோதான போன் என்னுடையது ஒன்றுதான். அத்தையிடம் பட்டன் போன். மாமா போனில் அந்தப் படமே வராது. போன் அடிக்கும், எடுப்பேன், இழுப்பேன், அமுக்குவேன். அவர் சுவரில் வந்து நிற்பார். தலை மட்டுமே ஒரு முழம். பல்லைக்கூட எண்ணலாம்.

மாமியார் அவரைப் போனில் இருக்கிறவராக நினைக்கவே இல்லை. மகன் டிவிக்குள் இருக்கிறான், அவ்வளவுதான். சுட்ட வடையைத் தட்டோடு டிவி முன்னால் நீட்டுவார். புதுப் புடவையை டிவிக்குப் பிரித்துக் காட்டுவார். கேமரா என் கையில் இருக்கிறது என்பதை நூறு தரம் சொல்லிப் பார்த்தேன். "ஏம்மா, அவன் என்னத்தான பாத்துக்கிட்டு இருக்கான்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அதனால் அத்தை எதை நீட்டினாலும் நான் ஓடிப்போய்ப் போனை அதன் பக்கம் திருப்ப வேண்டும். ஒரு ஸ்டாண்டு வாங்கி வைத்தேன், பிரயோஜனமில்லை. திருப்புவதற்கு ஆள் வேண்டுமே! அந்த ஆள் நான்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பழமலைநாதர் கோயிலுக்குப் போய்விட்டு வந்த மாமியார், மகன் டிவியில் தெரிந்ததும் எழுந்து போய் அவர் நெற்றியில் திருநீற்றை இழுத்து விட்டார். "நல்லா இருப்பா சாமி." அவரும் தலையைக் குனிந்து கொடுத்தார். மறுநாள் காலையில் செய்தி வாசித்த பெண்ணின் நெற்றியிலும் அதே பட்டை. துடைக்கப் போனேன். "சாமி திருநூற தொடைக்காதம்மா" என்றார். அதிலிருந்து எங்கள் வீட்டு டிவியில் யார் வந்தாலும் திருநீறு உண்டு.

சிரிப்பாகத்தான் இருக்கும், கேட்கிறவர்களுக்கு. எனக்கு ஒரு நாள்தான் உறைத்தது. போனைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைக் காட்டுகிறவள் நான். டிவியின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் எங்கள் பக்கத்துப் படம் ஓடும். அதில் அத்தை வருவார், மாமா வருவார், வடை வரும், எதிர் வீட்டு அக்காவின் பேத்திகூட வருவாள். நான் வந்ததே கிடையாது. ஒன்றரை வருஷமாக அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அதை நினைத்து அன்றைக்கு அடுப்படியில் நின்று அழுதேன்.

தனியாகப் பேச முயற்சி பண்ணாமல் இல்லை. கம்பெனியில் கை முழுக்க மண்ணாக இருக்கும் என்று போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆறு மணிக்கு வெளியே வந்து கூப்பிட்டால், அவர் கம்பெனி பஸ்ஸில் இருப்பார். "சத்தமா இருக்குது, ஏழு மணிக்கு டிவில பேசலாம்." ஏழரைக்கு வைத்துவிட்டால் சாப்பாடு, தூக்கம். விடியாமலே வேலைக்குப் போக வேண்டும், எட்டுப் பேர் படுக்கிற அறை. சரி, எழுத்திலாவது சொல்வோம் என்று ஒரு நாள் மனசில் இருந்ததையெல்லாம் மெசேஜில் கொட்டினேன். அவர் பதில் போட்ட நேரம், மாமனார் என் போனிலிருந்து டிவியில் பக்திப் பாட்டு பார்த்துக்கொண்டிருந்தார். திரையின் உச்சியில் பட்டையாக வந்து விழுந்தது: 'சரி சரி அழாத.' மாமனார் எழுத்துக்கூட்டிப் படித்தார். மாமியார் என்னைப் பார்த்தார். "யாரு அழுவறா? இந்த வூட்ல உனக்கு என்னா கொற?" இரண்டு நாள் அந்தப் பேச்சுதான் ஓடியது. "இனிமே மெசேஜ் போடாத, டிவில வந்துடுது" என்று அவரும் சொல்லிவிட்டார். அதோடு அந்தக் கதவும் சாத்தியாச்சு.

இந்த இலட்சணத்தில் எதிர் வீட்டு அக்கா மாசத்துக்கு ஒரு தரம் கேட்பார்: "என்னா, விசேஷம் ஏதாச்சும் உண்டா?" ஒரு நாள் எனக்கு வாய் நிற்கவில்லை. "ஏங்கக்கா, டிவி வழியாவா புள்ள பொறக்கும்?" என்று கேட்டுவிட்டேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அத்தை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணமாகி நாலரை வருஷம். அவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்தது மொத்தம் ஆறு மாசம்கூட இல்லை.

இரண்டு வருஷம் முடிய ஒரு மாதம் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை, பேச்சோடு பேச்சாக டிவியிலிருந்து சொன்னார். "இங்க இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. வெள்ளிக்கெழம கையெழுத்து கேப்பாங்க."

மாமியார், "உனக்கு எது தோதோ அதப் பாத்துச் செய்யி சாமி" என்றார். மாமனார், "மாடி போட்டுடலாம், அதோட வந்துடு" என்றார். "நல்ல எடத்த விடாத தம்பி" என்று எதிர் வீட்டு அக்கா. என்னை யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பிளாட்பாரத்தில் என் கையைப் பிடித்துச் சொன்னாரே, அது அவருக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்? அதை ஹாலில் வைத்து எப்படி எடுப்பது?

வெள்ளிக்கிழமைக்குள் அவரிடம் சொல்லிவிட வேண்டும். கையெழுத்து போடாதீங்க, வந்துடுங்க. மூன்றே வார்த்தை. செவ்வாய்க்கிழமை கூப்பிட்டேன், பஸ்ஸில் இருந்தார். புதன்கிழமை எடுக்கவே இல்லை. வியாழக்கிழமை ஸ்பாஞ்சு பிடித்த கையோடு அந்த மூன்று வார்த்தையையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒரு யானையின் தும்பிக்கையை அழுத்தி உடைத்துவிட்டு மேஸ்திரியிடம் திட்டும் வாங்கினேன்.

வியாழன் ஏழு மணி. எல்லாரும் உட்கார்ந்தாகிவிட்டது. அவர் வந்தார், நெற்றியில் திருநீற்றோடு. அத்தை முறுக்கு சுட்டிருந்தார். அதற்குள் நான், "என்னங்க, உங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "சொல்லு" என்று சுவரிலிருந்து அவர் குரல் ஹால் அதிர வந்தது.

"கேஸு தீந்துடுச்சு" என்றேன்.

"அத எதுக்கு அவன்கிட்ட சொல்ற, மாமாகிட்ட சொல்லு" என்றார் அத்தை. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? என் மேலேயே எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. விரல் தானாக மேலிருந்து இழுத்தது. அமுக்கினேன். சுவரில் அவர் முகம் பட்டென்று போய், கட்டம் கட்டமாகச் சினிமாப் படங்கள் வந்து நின்றன. போனில் அவர் இருந்தார், உள்ளங்கையளவு. எழுந்து விடுவிடுவென்று கொல்லைப்பக்கம் போனேன்.

"ஏம்மா, புள்ள எங்க போயிட்டான்? ஏம்மா!" பின்னாலேயே அத்தையின் குரல் வந்தது.

தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நெட் கிடைக்கும். அங்கே நின்று கேமராவை என் பக்கம் திருப்பினேன். அவர் திகைத்துப் பார்த்தார்.

"என்னா ஆச்சு? டிவி போயிடுச்சா?"

"டிவி இருக்குது. நான்தான் நிறுத்துனேன்."

போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஏன் இப்புடி எளச்சிப் போயிட்ட?" என்றார். எவ்வளவு நாளாகிவிட்டது அந்தக் குரலைக் கேட்டு! பிளாட்பாரத்துக் குரல். இதற்குத்தானே இத்தனை நாள் ஏங்கினேன். இனிமேல் பயமில்லை என்று தோன்றியது.

"நாளைக்குக் கையெழுத்து போடாதீங்க. வந்துடுங்க. நீங்கதான சொன்னீங்க, இதான் கடைசின்னு? என்னால முடியலங்க."

அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பினார். அவருக்குப் பின்னால் யாரோ பல் துலக்கிக்கொண்டு போனார்கள்.

"போட்டுட்டேன்" என்றார்.

"எப்ப?"

"போன ஞாயித்துக்கெழமையே."

"வெள்ளிக்கெழமதான் கேப்பாங்கன்னு சொன்னீங்களே?"

"எல்லாரும் என்னா சொல்றீங்கன்னு பாக்கலாம்னு அப்புடிச் சொன்னேன். யாரும் வேணாங்கலயே. நீயுந்தான அங்க இருந்த. ஒண்ணும் சொல்லலயே?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். நான் இத்தனை நாள் ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களைத்தான் பூசாரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களைத் தாண்டிப் போய்விட்டால் இவர் இருப்பார் என்று நினைத்தேன். இவர் அந்த ஹாலுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார். டிவியைத் தேடி வாங்கி மாட்டியவரும் இவர்தானே?

"அழாத" என்றார். பிறகு, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் போல அவசரமாக, "டிவில போடு. அம்மா பாத்துக்கிட்டு இருக்கும்" என்றார்.

போனை அங்கேயே தொட்டிக்குள் போட்டுவிட்டிருக்கலாம். அப்படியொரு வெறி வந்தது உண்மை. ஆனால் எங்கே போவேன்? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். மூன்று பேரும் திருநீற்றுப் பட்டையோடு இருந்த சினிமாப் படங்களைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, மேலிருந்து இழுத்து, படத்தை அமுக்கி, டிவி பேரை அமுக்கினேன். அவர் வந்தார்.

"லைன் கட்டாயிடுச்சும்மா" என்றார் சிரித்துக்கொண்டே. கேஸ் தீர்ந்தது என்று நான் சொன்ன பொய்யைவிட அது எவ்வளவோ சரளமாக இருந்தது.

"இந்த நெட்டு ஒரு சனியன்" என்று சொல்லிக்கொண்டே மாமியார் முறுக்குத் தட்டைத் தூக்கி டிவி முன்னால் நீட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. கேமராவை மட்டும் பின்பக்கத்துக்கு மாற்றி, போனை மடியில் குப்புறக் கிடத்தினேன். அது கூரையைப் பார்த்தது. டிவியின் மூலைக் கட்டத்தில் எங்கள் ஹால் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் அதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"எப்புடிப்பா இருக்குது? நல்லா செவந்திருக்குதா?" என்றார் மாமியார்.

ஒரு நிமிஷம் அவர் பேசாமல் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லுவார், 'அம்மா, ஒண்ணும் தெரியல' என்று இப்போதாவது சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன்.

"சூப்பரா செவந்திருக்குதும்மா" என்றார். "எனக்கு ரெண்டு எடுத்து வையி."

மாமியார் நிஜமாகவே இரண்டு முறுக்கை எடுத்து, தனியாக ஒரு டப்பாவில் போட்டு மூடினார்.