ஷூ போட்டு வந்தவர்

எங்கள் தெருமுனை இட்லிக்கடை அக்கா பேசுவதைக் கேட்பதற்காகவே நான் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடுவேன். நைட் ஷிப்ட் முடிந்து தள்ளாடி வந்தால், "இன்னா நைனா, சார்ஜ் எறங்கின போனு மாதிரி வர்றே" என்பார். கவரைப்பேட்டையில் இப்படி வாய் உள்ளவர்கள் நிறையப் பேர். என் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது இந்த ஒரு வாய்தான்.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் ஆள். எங்களுக்கு லீவு கேட்டால் கிடைக்காது, காய்ச்சல் என்றால்தான் கிடைக்கும். அது நிஜக் காய்ச்சல்தானா என்று பார்க்க கான்ட்ராக்டர் ஆபீஸிலிருந்து ஒருவர் வீடு தேடி வருவார். இன் பண்ணின சட்டை, ஷூ, தோளில் பை. போன வருஷம் ஆரம்பாக்கத்தில் நண்பன் கல்யாணத்துக்கு நான் 'காய்ச்சலில்' போயிருந்தபோது அப்படி ஒருவர் வந்து விசாரிக்க, அக்காதான் நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகச் சொல்லி என் வேலையைக் காப்பாற்றினார். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இது. ஷூ போட்டவர் யாரைப் பற்றிக் கேட்டாலும், அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லை.

பல இடம் தட்டிப்போய் எனக்கே அலுத்துவிட்ட நேரத்தில், ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு பெண் அமைந்தது. அவளும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். பார்த்தோம், பேசினோம், இருவருக்கும் பிடித்துவிட்டது. அவளுக்கு அப்பா இல்லை. அன்றைக்கு ஊரில் இல்லாத தாய்மாமன்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றார்கள். பதிலுக்குக் காத்திருந்தால், தரகர் போன் செய்து, இடம் வேண்டாமாம், நோயாளிக்குப் பெண் கொடுக்க மாட்டார்களாம், இட்லிக்கடையிலேயே விசாரித்துவிட்டார்களாம் என்றார்.

அக்காவிடம் ஓடினேன். கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டார்.

"ஷூ போட்டுக்கினு, சட்டைய இன் பண்ணிக்கினு வந்து, பையன் ஒழுங்கா வேலைக்குப் போறானா, ஒடம்பு நல்லா கீதான்னு கேட்டா நான் இன்னான்னு நெனைக்கிறது? பாவம் சார், மாசத்துல பாதி நாளு படுக்கைதான், நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்னு சொன்னேன். உனக்காவ அழக்கூட அழுதேன் நைனா."

அழுதாராம். திட்டலாம் என்றால் வாய் வரவில்லை, சிரிக்கலாம் என்றால் வயிறு எரிந்தது. பெண்ணுக்கு போன் செய்து சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் கம்பெனியிலும் இதே கதைதான். ஆனால் மறுநாள் அவளே போன் செய்து, விசாரித்துப் போன மாமா விவசாயம் பார்க்கிறவர், அவருக்கு எவ்வளவு சொல்லியும் இது ஏறவில்லை, நீங்களே வந்து சொல்லுங்கள் என்றாள்.

நைட் ஷிப்ட் முடிந்த கையோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் மனசுக்குள் அந்த ஷூக்கார மாமாவோடு சண்டை. தெருவில் நாலு பேரிடம் கேட்க வேண்டாமா, ஒரே ஒருத்தர் சொன்னதை வைத்தா ஒரு ஆளை எடை போடுவது என்று அடுக்கி வைத்திருந்தேன். போய் இறங்கினால், வாசலில் கிழிந்த பனியனோடு ஒருவர் மாடு கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சார் உள்ள இருக்காரா?"

"எந்த சாரு?"

"பொண்ணோட மாமா."

"நாந்தான்" என்றார்.

என் கண் தானாக அவர் காலுக்குப் போனது. வெறுங்கால். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"ஷூ பக்கத்து ஊட்டுக்காரருது. பையன் ஊருக்குப் போறோமே, மரியாதையா போவணும்னு வாங்கிப் போட்டுக்கினு வந்தேன். குதிகால் உரிஞ்சதுதான் மிச்சம்."

அடுக்கி வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன். கான்ட்ராக்டர், காய்ச்சல், அக்கா என்று முழுக்கதையும் சொன்னேன். தூக்கமில்லாமல் சிவந்த என் கண்ணையும் ஒட்டிப்போன கன்னத்தையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ சொல்றது நம்பறாப்லதான் கீது தம்பி. மூஞ்சப் பாத்தாதான் நம்ப முடியல."

டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார். அதற்கும் ஒரு நாள் லீவு வேண்டுமே. காய்ச்சல் என்று சொல்லித்தான் எடுத்தேன். கிளினிக்கில் டாக்டர் தலையைத் தூக்காமலே பேனாவை எடுத்தார்.

"எந்தக் கம்பெனி? எத்தனை நாள் வேணும்? வைரல் ஃபீவர்னு போட்டுடவா?"

"எனக்கு ஒண்ணுமில்லன்னு எழுதணும் சார்."

பேனா நின்றது. அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். லீவு வேண்டாம் என்கிறவனுக்குத்தான் ஏதோ பெரிய கோளாறு என்று நினைத்தாரோ என்னவோ, ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் எடுக்க வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சீட்டைக் கொடுத்தும் மாமாவுக்குத் திருப்தி இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரப்பர் செருப்பும் பழுப்பேறிய வேட்டியுமாகத் தானே கடைக்கு வந்தார். நான் உள்ளே உட்கார்ந்திருந்ததை அவர் பார்க்கவில்லை. அக்காவுக்கும் ஆளை அடையாளம் தெரியவில்லை. என்னைப் பற்றி, பையன் எப்படி என்று அவர் ஆரம்பித்ததும் அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"மொதல்ல நீ யாருன்னு சொல்லு நைனா. கம்பெனியா, பொண்ணு ஊடா? அப்பறம்தான் நான் வாயத் தொறப்பேன்."

"பொண்ணு ஊடுதாம்மா. அன்னிக்கும் பொண்ணு ஊடுதான்."

இதை அன்றைக்கே கேட்டிருக்கக் கூடாதா! நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போய் வணக்கம் சொன்னேன். மாமா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, தட்டு நிறைய இட்லி வாங்கி என் முன்னால் தள்ளினார்.

"துன்னு. நான் பாக்கணும்."

ஏற்கெனவே வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். சொன்னால் யார் நம்புவார்கள்? அக்கா சட்னியை ஊற்றிக்கொண்டே இருக்க, கடைசி இட்லி தொண்டையில் இறங்கும்போதுதான், "தை மாசம் வெச்சுக்கலாம்" என்றார் மாமா.