சத்தம் மட்டும் வந்த கேமரா

பார்சலைப் பிரிக்கும்போதே அவள் திட்டத் தொடங்கிவிடுவாள். உள்ளே என்ன இருக்கிறது என்று இன்னும் பார்த்திருக்கவே மாட்டாள். கத்தரிக்கோல் டேப்பில் இறங்கும்போதே, “எந்தப் புண்ணியவான் எதைத் தலையில கட்டியிருக்கான்னு பாப்போம்” என்பாள்.

இணைய ஏலத்தில் பழைய பிலிம் கேமரா வாங்குகிறவர்களுக்கு இந்த முன்கோபம் தேவைதான். ‘அருமையாக இயங்குகிறது’ என்று போட்டிருப்பான்; ஷட்டர் கல்லாக இறுகிக் கிடக்கும். ‘லென்ஸ் பளிங்கு’ என்று போட்டிருப்பான். விளக்கில் பிடித்துப் பார்த்தால் பூஞ்சை சிலந்தி வலை மாதிரிப் படர்ந்திருக்கும். எல்லாரிலும் பெரிய கில்லாடி, ‘இதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தது’ என்று போடுகிறவன். ஒன்றும் தெரியாதவன் திருகாணியின் தலையை அப்படிக் குதறி வைத்திருக்க மாட்டான் என்பது அவள் கட்சி.

கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. வாசலில் ஃபிரேம் காட்டிச் சிரிக்கிற வேலை இல்லை. பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. எந்த நுணுக்கமான பொருளையும் விழாமல் எடுத்துவிடுவாள் என்பதால் முதலாளி அவளுக்கு ‘இடுக்கி’ என்று பெயர் வைத்தார். அவள் பேசினாலும் அப்படித்தான் பிடிக்கும் என்று கடைப் பையன்கள் பின்னாலிருந்து சேர்த்துக்கொண்டார்கள். பெயர் வீடுவரை வந்துவிட்டது. கணவரே கோபம் இல்லாத நாட்களில் அப்படித்தான் கூப்பிடுவார்.

வீட்டில் சன்னலோரம் ஒரு மேசை. அதில் விளக்கு, பூதக்கண்ணாடி, சின்னச் சின்னத் திருப்புளிகள், திருகாணிகளைப் பிரித்துப் போட ஃபிரிட்ஜ் ஐஸ் தட்டு. இறந்துபோனதாக வந்த கேமரா அந்த மேசையில் கிடந்து ஒரு நாள் மறுபடி மூச்சுவிடும். மெதுவான வேகத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் உள்ளே பல்சக்கரங்கள் முனகிக்கொண்டே ஓடி, கடைசியில் ‘டக்’கென்று நிற்கும். அந்த ஒரு சத்தத்துக்காக மூன்று நான்கு வாரம் கண்ணைக் கெடுத்துக்கொள்வாள்.

எல்லாமும் பிழைக்காது. பிழைக்காதவற்றுக்கு மேசைக்கடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. கேமராவின் அடிப்பக்கத் தகட்டைக் கழற்றி, உட்புறம் ஊசியால் ஒரு பெருக்கல் குறி கீறிவிட்டு அதில் போட்டுவிடுவாள். இனி அது உதிரிபாகத்துக்கு மட்டும் என்று அர்த்தம்.

சரிசெய்ததை மறுபடி ஏலத்தில் போட்டு விற்பது கொழுந்தனின் பொறுப்பு. அவள் கணவருக்குத் தம்பி. மாடியில் மனைவியோடு குடியிருந்தான். எல்லாருக்கும் அவன் சின்னவன். படம் எடுப்பான், விவரம் எழுதுவான், பார்சல் கட்டுவான். அவளுக்கு அந்த வேலை வேப்பங்காய். அவனுக்கோ அது கைவந்த கலை. வாயைத் திறந்தால் கேட்கிறவன் காதில் பூச்சுற்றிவிட்டுத்தான் மூடுவான். அவன் என்ன எழுதுகிறான் என்று அவள் ஒரு தடவைகூடப் படித்துப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண். நகரப் பேருந்து ஓட்டுநர். பணிக்குப் போகும் வழியில் வந்தவள் போலிருந்தது. கையில் துணிப்பை.

“நீங்கதானே அந்த நிபுணர்?”

“எந்த நிபுணர்?”

“கண்ணாடிக் கடை நிபுணர். நாப்பது வருஷ அனுபவம். பார்சல்ல இந்த விலாசம்தான் இருந்துச்சு.”

இடுக்கிக்கு வயதே நாற்பத்தாறு. “உள்ள வாங்க” என்றாள்.

ஓட்டுநர் உட்காரவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு கேமராவையும், சுருட்டிய பிலிமையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். பிலிமை விரித்துச் சன்னலுக்கு எதிரே பிடித்தாள். முதலிலிருந்து கடைசிவரை ஒரே வெறுமை. ஒரு நிழல்கூட இல்லை. அந்தப் பக்கம் சன்னல் கம்பி தெளிவாகத் தெரிந்தது.

“பிலிம் சரியா மாட்டாம இருந்திருக்கும்” என்றாள் இடுக்கி. அவள் குரலில் முள் இருந்தது. “என் கையிலேர்ந்து போனது எதுவும் இப்படித் திரும்பி வந்ததில்ல.”

“அப்படித்தான் எங்கக்காவும் சொல்றா. எனக்குப் பிலிம் போடத் தெரியலையாம்.” ஓட்டுநர் பிலிமைச் சுருட்டினாள். “எங்கப்பாவும் அக்காவும் வருஷக்கணக்கா பேசல. அன்னிக்குத்தான் வந்தா. அந்தக் காலத்துல அப்பா இதே மாதிரி கேமராவுலதான் எங்களை எடுப்பாரு. அதே மாதிரி எடுக்கணும்னு இதை வாங்கி வச்சிருந்தேன். எல்லாரும் போனை உள்ள வைங்கன்னு சொன்னவ நான்தான். ரெண்டு பேரும் கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்தாங்க. முழு ரோலும் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கிளிக் கிளிக்னு அவ்வளவு நல்லா சத்தம் வந்துச்சு. அடுத்த மாசம் அப்பா போயிட்டாரு.”

இடுக்கி கேமராவைக் கையில் எடுத்தாள். மூக்கருகே கொண்டு போனாள். எண்ணெய் வாடை. அவள் எண்ணெய் போடுவதானால் ஊசிமுனையில் தொட்டு வைப்பாள். இது ஊற்றி இருக்கிறது. அந்த வாடை எங்கே அடிக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். பக்கத்து அறையில், மாமியாருடைய தையல் மெஷினில்.

பின்மூடியைத் திறந்து, வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பொத்தானை அழுத்தினாள். ‘கிளிக்’. சத்தம் கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே இரண்டு துணித்திரைகளும் ஒட்டிக்கொண்டே ஓடின. முதல் திரை திறக்க வேண்டும், இரண்டாவது சற்றுப் பின்னால் வந்து மூட வேண்டும். நடுவிலுள்ள இடைவெளியில்தான் படம் விழும். இதில் இடைவெளியே இல்லை. ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே போகவில்லை.

அடிப்பக்கத் தகட்டைக் கழற்றினாள். உட்புறம் அவள் கீறிய பெருக்கல் குறி.

குனிந்து மேசைக்கடியில் இருந்த பெட்டியை இழுத்தாள். மேலே நாலைந்து கேமராக்கள். அதற்குக் கீழே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, பெட்டி நிறைந்திருப்பது போல் ஆக்கியிருந்தது.

“இது செத்தது” என்றாள். “இதை நான் விக்கல. ஆனா என் வீட்டிலேர்ந்துதான் போயிருக்கு. நீங்க உக்காருங்க. போயிடாதீங்க.”

“எனக்கு டூட்டி இருக்கு.”

“கொஞ்ச நேரம். ஆளைக் கூட்டிட்டு வரேன்.”

ஆளைத் தேடி மாடிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆதலால் சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லாருமே இருந்தார்கள். சின்னவன் காப்பியை ஆற்றிக்கொண்டு ஏதோ கதை சொல்ல, அவன் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். இடுக்கி கேமராவைத் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இது என்ன?”

சின்னவன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வாய் சீக்கிரம் சுதாரித்துக்கொண்டது. “கேமரா அண்ணி.”

“என் பெட்டியிலேர்ந்து எடுத்தியா?”

“சும்மாதானே கெடந்துச்சு! கொஞ்சம் எண்ணெய் விட்டேன், வேலை செஞ்சுது. கிளிக்னு சத்தம் வருது. சத்தம் வந்தா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?”

“என்னைக் கேட்டியா?”

“கேட்டா நீங்க வேணாம்னுதான் சொல்வீங்க.”

இதைச் சொல்லிவிட்டு அவன் சிரிக்கவும் செய்தான். அந்தச் சிரிப்பில்தான் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தம்ளரைத் தட்டிவிட்டாள். காப்பி மேசையெல்லாம் ஓடி மாமியாரின் மடியில் சொட்டியது.

“அங்க ஒரு பொண்ணு உக்காந்திருக்கா. அப்பாவோட கடைசிப் படம் ஒண்ணுகூட இல்லாம உக்காந்திருக்கா. நாப்பது வருஷ அனுபவம்னு எழுதினியாமே? நான் ஒண்ணாங்கிளாஸ்ல உக்காந்துக்கிட்டே ரிப்பேர் பண்ணினேனா?”

கணவர் எழுந்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். எந்தச் சண்டையையும் இரண்டு பக்கமும் தலையாட்டியே தீர்த்துவைப்பார். “மெதுவா பேசு. வெளி ஆளு இருக்காங்க. அவன் தெரியாம செஞ்சுட்டான்...”

“பெட்டிக்கடியில பேப்பர் திணிச்சு வச்சது தெரியாம செஞ்சதா?”

“சரி, தப்புதான். பணத்தைத் திருப்பிக் குடுத்துடுவோம், ஆச்சா?”

“அந்தம்மா பணமா கேட்டாங்க? நீங்க ஏங்க எப்பப் பாத்தாலும் பூசி மெழுகிக்கிட்டே இருக்கீங்க? உங்க தம்பி மேல கோபம் ஒரு மடங்குன்னா, உங்க மேல ரெண்டு மடங்கு.”

“வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும்மா” என்றார் மாமியார், சேலையைத் துடைத்தபடி.

“வீட்டோட இல்ல அத்தை. ஊர் ஊரா பார்சல் கட்டி அனுப்பியிருக்கான்.”

சின்னவன் நைசாக மாடிப்படிப் பக்கம் நகர்ந்தான். அங்கே அவன் மனைவி நின்றிருந்தாள். அவன் சட்டைப்பையிலிருந்து போனைச் சட்டென்று உருவி, பூட்டைத் திறந்து, இடுக்கியிடம் நீட்டினாள். “யார் யாருக்குப் போச்சுன்னு இதுல இருக்குக்கா. எங்கிட்ட நீங்கதான் விக்கச் சொன்னதா சொன்னாரு.”

“ஏய்!” என்றான் சின்னவன்.

“என்ன ஏய்? பொய் சொன்னவங்கதான் உள்ள குதிச்சு நீஞ்சணும். நான் கரையில நிக்கறேன்.”

அவனைச் சன்னலோர மேசைக்கு முன்னால் உட்கார வைத்தாள் இடுக்கி. ஓட்டுநர் எதிர் நாற்காலியில். மற்றவர்கள் கதவோரம். வாங்கினவர்கள் எல்லாருக்கும் அவனே போன் போட்டு உண்மையைச் சொல்ல வேண்டும், ஒலிபெருக்கியில் பேச வேண்டும் என்றாள். முதல் ஆள் கேட்டுவிட்டு, “அட, நான் அதை அலமாரியில அழகுக்கு வச்சிருக்கேன் சார். அடுத்து ஏதாவது இருந்தா சொல்லுங்க” என்றான். சின்னவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டாவது ஆள் அவன் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினான். நிமிர்ந்த முதுகு மறுபடி வளைந்தது.

“இப்ப இவங்களைக் கேளு” என்றாள் இடுக்கி. “என்ன செய்யணும்னு கேளு.”

சின்னவன் ஓட்டுநரைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக் கேட்டான். “என்ன செய்யணும்ங்க?”

“எங்கக்காவுக்குப் போன் போடுங்க. நான் கெடுக்கலன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்.”

எண்ணை ஓட்டுநரே அழுத்தினாள். அந்தப் பக்கம் எடுத்தவளின் குரல் தூக்கம் கலைந்தது போலிருந்தது. சின்னவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கேமராவில் ஒரு சிறிய தொழில்நுட்பக் கோளாறு நேர்ந்திருக்க வாய்ப்பிருக்கிறது என்றும், பழைய பொருட்களில் இப்படி ஆவது சகஜம் என்றும் சப்பைக்கட்டு கட்டத் தொடங்கினான். இடுக்கி போனைப் பிடுங்கினாள்.

“அம்மா, நான் பேசறேன். இந்தக் கேமரா வேலை செய்யாதுன்னு நான் ஒதுக்கி வச்சது. எங்க வீட்டு ஆளு திருட்டுத்தனமா எடுத்து, நல்லா இருக்குன்னு பொய் சொல்லி உங்க தங்கச்சிக்கு வித்துட்டான். அவங்க பிலிமை ஒழுங்காத்தான் போட்டிருக்காங்க. யாரு எடுத்திருந்தாலும் இதுல ஒண்ணும் விழுந்திருக்காது.”

அந்தப் பக்கம் அவள் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, “நான் அவள என்னென்னவோ சொல்லிட்டேனே” என்றது அந்தக் குரல். “காரியத்தன்னிக்கு எல்லாரு முன்னாடியும் சொன்னேன்.”

ஓட்டுநர் போனை வாங்கி, ஒலிபெருக்கியை அணைத்து, வாசற்படிக்குப் போனாள். அங்கே நின்று என்ன பேசினார்களோ தெரியாது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. போனைச் சின்னவனுக்கு முன்னால் வைத்தாள்.

“வேற ஒரு கேமரா தரேன்” என்றாள் இடுக்கி. “நானே சரிபார்த்தது. பிலிம் போட்டு எடுத்துக் காட்டறேன்.”

“வேணாங்க. இனி யாரை எடுக்கறது?” பையை மடித்தாள். சின்னவனைப் பார்த்து, “உங்களை மன்னிக்கல. அதுக்காக இங்க வரல” என்றாள். பணிக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்று மத்தியானமே இடுக்கி சுத்தியலைத் தேடி எடுத்தாள். பெட்டியில் மிஞ்சியிருந்த கேமராக்களிலிருந்து பயன்படுகிற பாகங்களைக் கழற்றிக்கொண்டு, வெறும் கூடுகளைப் பின்வாசல் கல்லில் வைத்து அடித்தாள். மறுபடி சேர்த்துப் பூட்டி அனுப்ப யாராலும் முடியாதபடி அடித்தாள். கணவர் வந்து நின்றார். “நிக்கறதுன்னா தள்ளி நில்லுங்க, தெறிக்கும்” என்றாள். அவர் தள்ளி நிற்கவில்லை. உட்கார்ந்து, சிதறிய துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

“நான் அப்பவே உன்னை அடக்காம அவனைத்தான் கேட்டிருக்கணும்” என்றார்.

“கேட்டிருக்கணும்” என்றாள் அவள். அடிப்பதை நிறுத்தவில்லை.

பிறகு அவள் மேசையைக் கண்ணாடிக் கடைப் பின்னறைக்கே கொண்டுபோய்விட்டாள். ஏல விவரமும் இப்போது அவளே எழுதுகிறாள். ‘லென்ஸில் பூஞ்சை இருக்கிறது. படம் மங்கலாகத்தான் வரும். பிறகு வந்து அழக் கூடாது’ என்று ஒன்று. ‘வெளிச்சமானி செத்துவிட்டது. வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்துக் கணக்குப் போடத் தெரியாதவர்கள் வாங்க வேண்டாம்’ என்று இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு ரோல் எடுத்துக் கழுவி, அந்தப் பிலிமையும் பார்சலில் வைக்கிறாள். அவள் எழுதும் விவரத்தைப் படிப்பதற்கென்றே சிலர் வருகிறார்களாம். முதலாளி சொல்லிச் சிரிக்கிறார். அவள் சிரிப்பதில்லை.

சின்னவனோடு பேச்சில்லை. சொல்ல வேண்டியதை அவன் மனைவியிடம் சொல்லிவிடுவாள். ஒரு நாள் சேர்ந்து சாப்பிடும்போது மாமியார் கேட்டார்: “வருஷம் திரும்பிடுச்சு. இன்னுமா கோபம்?”

“இன்னும்தான் அத்தை” என்றாள் இடுக்கி, சோற்றைப் பிசைந்துகொண்டே.

எதிரே உட்கார்ந்திருந்த சின்னவன், தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டான். அவன் மனைவி அவன் தட்டை விட்டுவிட்டு, இடுக்கியின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.