மறைப்புத் துணிக்கு வெளியே

கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருகிற நாளில் எங்கள் பக்கத்தில் ஊரே வாய்க்கால் கரையில் போய் நிற்கும். அந்த வருடம் தண்ணீரோடு ஒரு உடலும் வந்து, கீழ்வேளூர் தாண்டி ஒரு மதகில் தட்டி நின்றது. நீளமான முடி, நைட்டி, கையில் கண்ணாடி வளையல். தண்ணீரில் ஊறியதில் முகம் என்று ஒன்று மிஞ்சவில்லை, உடம்பும் அழுகிப்போயிருந்தது. ‘அடையாளம் தெரியாத பெண்’ என்று போலீஸார் நோட்டீஸ் அடித்துச் சுற்று வட்டாரமெல்லாம் ஒட்டினார்கள்.

யாரும் தேடி வராத உடல்களை வாங்கி அடக்கம் செய்வது என் வீட்டுக்காரரும் அவர் கூட்டாளிகளும் செய்கிற வேலை. என்ன சாதி, என்ன மதம் என்று கேட்க மாட்டார்கள். சவூதியிலிருந்து இவர் கொண்டு வந்தது சர்க்கரை வியாதியும் இந்தப் பழக்கமும்தான் என்று நான் கிண்டல் செய்வேன். பெண்ணாக இருந்தால் குளிப்பாட்ட என்னைக் கூப்பிடுவார்கள். எங்கள் முஸ்லிம் வழக்கப்படி ஆணை ஆண்களும் பெண்ணைப் பெண்களும்தான் குளிப்பாட்ட வேண்டும். பெண் என்றால் சுற்றிலும் துணி கட்டி மறைத்துவிடுவோம். பெற்ற தகப்பனே ஆனாலும் துணிக்கு வெளியேதான் நிற்பார்.

அடக்கத்துக்கு நாள் குறித்த பிறகு, பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரம்மா தடுத்தார். இடுப்பெலும்பை மறுபடி பார்த்தால் ஆண் மாதிரி இருக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார். வலது தொடையில் எலும்பு முறிவுக்கு வைத்த பழைய பிளேட் இருந்தது. முதல் நோட்டீஸில் அது கடைசி வரியில் கிடந்தது. அதை மேலே போட்டு, ஆணா பெண்ணா தெரியவில்லை என்று வேறு நோட்டீஸ் அடிக்கச் சொன்னார்.

அவ்வளவுதான், யார் குளிப்பாட்டுவது என்று கூட்டாளிகளுக்குள் வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. வாயும் கொஞ்சம் நீளம். “எந்த வீட்லயோ வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. மொதல்ல அவங்க வரட்டும், அப்பறம் அடிச்சுக்குங்க” என்று கத்தினேன்.

இரண்டாவது நோட்டீஸைப் பார்த்து ஒருவர் வந்தார். திருத்துறைப்பூண்டிப் பக்கம், வயல் வேலை செய்கிறவர். ஜவுளிக்கடைப் பையில் மகனின் பழைய எக்ஸ்ரே படம் இருந்தது. பத்தாவது படிக்கும்போது டிராக்டரிலிருந்து விழுந்து தொடை ஒடிந்ததாம். டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதே பிளேட்தான் என்றார்.

“முடி வளத்தான்னு நான்தாங்க புடிச்சு மொட்ட அடிச்சுவிட்டேன். மறுநா ஆளக் காணும். வருசக் கணக்காச்சு” என்றார் அவர். அழுகை வரவில்லை அவருக்கு. அதைப் பார்க்க இன்னும் கஷ்டமாக இருந்தது. வளையல்களை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஊருக்கு எடுத்துப்போகும் நிலையில் உடல் இல்லை. இங்கேயே அடக்கம் செய்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பிணவறைக்குப் பின்னால் தண்ணீர் பிடித்து வைத்தோம். “பையன்தானே, நாங்களே குளிப்பாட்டிடுறோம்” என்று ஆண்கள் முன்னால் வந்தார்கள். எனக்கு மனது ஒப்பவில்லை. எங்கள் வழக்கத்தை அவரிடம் சொல்லிவிட்டு, “பெத்தவரு நீங்க. யாரு குளிப்பாட்டணும்னு நீங்களே சொல்லுங்கய்யா” என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“மொதல்ல ஒட்டுன நோட்டீசு எங்கூரு டீக்கட செவுத்துலயேதாம்மா இருந்துச்சு. தெனம் அதுங்கீழ உக்காந்துதான் டீ குடிச்சேன். பொண்ணுன்னு போட்டிருந்துச்சா, மேல படிக்கல. யாரு பெத்த பொண்ணோ, பாவம்னு நெனச்சேன்.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்களே குளிப்பாட்டுங்கம்மா.”

துணியைக் கட்டினோம். பெற்றவர், இவர் மட்டும் உள்ளேயே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் துணியை விலக்கிக்கொண்டு வெளியே போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டார்.