பத்தொன்பது வோல்ட்

கழற்றிய லேப்டாப் போர்டின் திருகுத் துளையில் மீட்டரின் கறுப்பு முனையை ஊன்றிக்கொண்டு, சிவப்பு முனையால் ஒவ்வோரிடமாகத் தொட்டு வருகிறார் ஸ்ரீகண்டன். மீட்டரில் வரும் எண்ணை வாய்விட்டுச் சொல்கிறார், பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். "பத்தொம்பது வந்துகினு இருக்கு. இங்க அஞ்சு. ஆங், இங்க சைபர்." சைபர் என்றதும் முகம் மலர்ந்துவிடும். நோய் அகப்பட்டுவிட்டது.

திருத்தணி மலையடிவாரத்தில், பூக்கடைக்குப் பக்கத்தில் அவர் கடை. உள்ளே ஒருவர் போனால் அடுத்தவர் வெளியே நிற்க வேண்டும். முன்பு டிவி பழுது பார்த்தார், இப்போது லேப்டாப். மேலே கோயில் மடப்பள்ளியில் அவருடைய அண்ணன் சமைக்கிறார். நைவேத்தியத்தை ருசி பார்க்கக் கூடாது என்பதால் உப்பைக் கைக்கணக்கில் போடும் குடும்பம். "அவங்களுக்குக் கை சொல்லும். எனக்குச் சொல்லாது. அளந்துதான் ஆவணும்" என்பார்.

"டெட்டுங்க" என்று யாராவது லேப்டாப்பை நீட்டினால் பிடிக்காது. "அத நான் சொல்லணும்." வந்ததும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி உரியவர் கையிலேயே கொடுத்துவிடுவார். "உங்க சமாச்சாரம் எல்லாம் இதுல இருக்கு. நீங்களே வச்சிக்கங்க."

2008 ஆடி மாதம். என் பிரிண்டருக்காக நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அம்மையார்குப்பத்திலிருந்து சந்திரா வந்தார். கம்ப்யூட்டரில் புடவைக் கரைக்கு டிசைன் போடுகிறவர். "திடீர்னு அணைஞ்சி போச்சுங்க. எங்க நைனா தறிய நிறுத்திட்டு உக்காந்துகினு இருக்காரு." டிஸ்கை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு சாமி பார்க்க மலையேறினார்.

எள்ளளவு கெப்பாசிட்டர் ஒன்று மின்சாரத்தை வழியிலேயே விழுங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் பத்தொன்பது உள்ளே வந்தது. "இங்க மூணு. நல்லா இருக்கு." விசிறி சுற்றியது, திரை மட்டும் வரவில்லை. காரணம் தேடி அடுத்த இடத்துக்குப் போனபோது சிவப்பு முனை வழுக்கி, ஒரு சிப்பின் இரண்டு கால்களை ஒன்றாகத் தொட்டது. ஒரு பொறி. கருகல் வாடை. மறுபடி அளந்தார், எண்ணைச் சொல்லவில்லை. எட்டிப் பார்த்தேன். மூன்று இருந்த இடத்தில் சைபர்.

சந்திரா நெற்றியில் விபூதியோடு இறங்கி வந்தார். "இன்னாங்க, செத்துடுச்சா?"

"வரும்போது சாவலம்மா. நான்தான் சாவடிச்சேன். கை வழுக்கிடுச்சு."

"இன்னாங்க சொல்றீங்க? சரி பண்ணத்தானே குடுத்தேன்! தறி நின்னுகினு இருக்குதுங்க!"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஸ்ரீகண்டன் தலைகுனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வேறு போர்டு போட்டுத் தருவதாக மட்டும் சொன்னார். சந்திரா போன பிறகு பூக்கடை ஆதிகேசவன் கேட்டார்: "எதுக்குய்யா வாய வுட்டே? வரும்போதே போயிருந்துச்சின்னு சொல்லியிருந்தா அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியப் போவுது?"

"மூணு இருந்துச்சிங்க. பார்த்தேனே."

மறுநாள் முதல் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய், ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, அதே மாடலின் பழைய போர்டு ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தார். அதற்கும் அடுத்த நாள் சந்திரா தன் தகப்பனாரோடு வந்தார். டிஸ்கைப் பொருத்தியதும் திரை வெளிச்சமானது. டிசைன்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெரியவர் குனிந்து உற்றுப் பார்த்து, "கரையில அன்னப்பட்சி இருக்குதும்மா" என்றார். சந்திரா சிரிக்கவில்லை. "இனிமேயாச்சும் பாத்து செய்யுங்க" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டார்.

"ஆங்" என்றார் ஸ்ரீகண்டன்.

அடுத்து ஒரு கல்லூரி மாணவி, ஆர்.கே.பேட்டைக்காரி. லேப்டாப்பைத் திறந்து, டிஸ்கை அவளிடம் கொடுத்து, முனைகளைக் கையில் எடுத்தார். போர்டைத் தொடவில்லை. ஒரு கணம் யோசித்து, அவற்றைக் கீழே வைத்தார். இத்தனை காலமும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த மீட்டரை எடுத்து, அதன் முகம் அந்தப் பெண்ணைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.