கிணற்றடியில் பதிந்த அசைவுகள்

போர்க்காலத்தில் நான் ஒரு பேராசிரியரிடம் வேலை பார்த்தேன். கடலடியில் உட்கார்ந்து நில அதிர்வைப் பதியும் இரும்புப் பெட்டி ஒன்றை அவர் செய்துகொண்டிருந்தார். கடற்கரைக்குப் போக அனுமதி கிடைக்காததால், மொரப்பூருக்கு அருகே ஓர் ஆழமான கிணற்றில் அதை இறக்கிச் சோதித்தோம். பக்கத்துப் பாறையில் நான் வெடி வைப்பேன். அந்த அதிர்வு, பெட்டிக்குள் ஓடும் புகைப்படத் தாளில் கோடாக விழும்.

பெட்டியின் கயிறு சிக்கினால் முங்கி எடுத்துவிடுபவர் மாரியப்பன். திரியைப் பற்றவைக்கும் முன் கிணற்றை எட்டிப் பார்ப்பது என் பொறுப்பு. ஒருநாள் அவசரத்தில் நான் பார்க்கவில்லை. வெடித்ததும் கிணற்றுச் சுவர் சரிந்தது. மாரியப்பனைப் பிணமாகத்தான் எடுத்தோம்.

“பாத்துட்டுத்தாங்க பத்த வச்சேன். அதுக்கப்பறம் சொல்லாம எறங்கிட்டாரு” என்று எல்லோரிடமும் சொன்னேன். நம்பினார்கள்.

மூன்றாம் நாள் பெட்டியை மீட்டுத் தாளைக் கழுவினோம். வெடியின் பெரிய கோட்டுக்கு முன்னால் சின்னச் சின்ன அசைவுகள் தெரிந்தன. பேராசிரியர் நேரக் குறிகளை எண்ணினார்.

“உன் திரி எரிய ஒரு நிமிஷம். அஞ்சு நிமிஷமா யாரோ பெட்டியை அசைச்சிருக்காங்களேப்பா?” என்றார்.

நேராக மாரியப்பனின் மனைவியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன்.

“சொல்லாம எறங்கிட்டியே பாவின்னு, பொணத்த வச்சிக்கிட்டு அவரத் திட்டித் தீத்தனுங்களே” என்றாள்.

காவல் நிலையத்திலும் சொன்னேன். சிறைக்குப் போய் வந்தேன். என் கவனக்குறைவை ஒருநாள் நான் மன்னித்துக்கொள்ளக்கூடும். அவளைத் திட்டவைத்த அந்தப் பொய்யை மன்னிக்க இன்றுவரை முடியவில்லை.