கடைசி ஆறு இலக்கங்கள்

அன்று காலை நான் புதுக்கடை ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனது அவளுடைய லேப்டாப்பைச் சரிசெய்ய. துபாயில் வேலைபார்க்கும் அவள் கணவர் போன விடுமுறையில் வாங்கி வந்தது அது. அதிலேயே விண்டோஸும் இருந்தது, லினக்ஸும் இருந்தது. விண்டோஸில் அவருடைய கோப்புகள். ஆராய்ச்சி மாணவியான தங்கைக்கு லினக்ஸ். கீரிப்பாறை மலையின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டும் பெண்களிடம் பேசி அவள் பதிவுசெய்த குரல்கள் அதில் இருந்தன. இடம் தீர்ந்துவிட்டது. மறுநாளும் கீரிப்பாறைக்குப் போக வேண்டும். ரெக்கார்டரில் நிறைந்து கிடந்த புதிய பதிவுகளை ஏற்ற வழியில்லை.

பத்திரிகை நிருபரான எனக்குக் கம்ப்யூட்டர் வேலையும் கொஞ்சம் தெரியும். லினக்ஸைப் புதிதாக நிறுவ வேண்டாம் என்றேன். விண்டோஸ் பக்கம் பெரும்பகுதி காலி. அதைச் சுருக்கி, மிஞ்சும் இடத்தை லினக்ஸோடு சேர்த்தால் போதும்.

"மாப்பிள்ளைகிட்ட கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாரு. அவருக்க சாமானம் ஒண்ணையும் தொடல்லியே அண்ணா. சும்மா கெடக்க எடந்தானே?"

முதலில் குரல்களை ஒரு ஹார்டு டிஸ்கில் நகலெடுத்தோம். விண்டோஸுக்குள் போய் அதன் பகுதியைச் சுருக்கினேன். பிறகு பென் டிரைவிலிருந்து லேப்டாப்பை இயக்க, அதன் பாதுகாப்பு அமைப்பு ஒன்றை அணைத்தேன். லினக்ஸ் பகுதியை நகர்த்திப் பெரிதாக்கும் வேலை மதியம்வரை நீண்டது. நடுவில் கரண்ட் போகக் கூடாது. தங்கை மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகவில்லை. லினக்ஸ் திறந்தது. குரல்கள் எல்லாம் இருந்தன.

விண்டோஸ்தான் திறக்கவில்லை. அணைத்த அமைப்பைப் பழையபடி மாற்றியும் பயனில்லை. மாற்றத்தைக் கண்டு விண்டோஸ் தன்னைப் பூட்டிக்கொண்டிருந்தது; நீலத் திரை நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. லேப்டாப்பை வாங்கிய கடையில் அவருடைய மின்னஞ்சலைப் போட்டே எல்லாம் செய்து கொடுத்திருந்தார்கள். அதனால் எண் அவருடைய கணக்கில் மட்டுமே இருந்தது.

தங்கை அவரைப் போனில் அழைத்தாள். ஸ்பீக்கரில் கேட்டேன்.

"ஏட்டி, யாருட்ட கேட்டு அதுல கை வச்ச?"

"எடம் இல்லாம போச்சு. அண்ணன் வந்து..."

"அவருக்கு பேப்பர்ல எழுத வேற செய்தி ஒண்ணும் கெடைக்கல்லியா?"

நான் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். ஆறு ஆறு இலக்கமாக வாசித்தார். ஒவ்வொரு ஆறுக்கும் நடுவில் ஒரு கேள்வி. எந்த பஸ்ல மலைக்குப் போற? கூட யாரு வாறா? இருட்டுதுக்கு முன்ன வந்திருவியா? அவள் பதில் சொன்ன பிறகே அடுத்த எண் வந்தது.

வரிக்கு ஆறாக ஏழு வரிகள் எழுதியிருந்தேன்.

"கடைசி ஆறையும் சொல்லுங்க."

"மலைக்குப் போறத நிறுத்து. பொறவு சொல்லுதேன்."

இணைப்பைத் துண்டித்தார். விண்டோஸில் தங்கைக்கு வேண்டியது ஒன்றும் இல்லை. பூட்டிக் கிடந்தவை அவருடைய சான்றிதழ்களும் பத்திர நகல்களும்தான். அவள் லினக்ஸைத் திறந்து, ரெக்கார்டரைச் செருகி, புதிய பதிவுகளை ஏற்றத் தொடங்கினாள்.

போன் மறுபடி அடித்தது. அவர்தான். அவள் எடுக்கவில்லை.

"எடுத்துப் பேசு மக்கா," என்றேன்.

"எடுத்தா இப்பம் அந்த ஆறையும் சொல்லிருவாரு அண்ணா. ஆனா அதுக்கு, மலைக்குப் போகமாட்டேன்னு நான் பதில் சொல்லணும்லா?"