ட்வீட்டர் பாடாத கார்

"ஏனுங்க தம்பி, நீங்க மாட்டுன ட்வீட்டர் ரெண்டுமே ஊமைங்க. மறுக்காவும் வந்துட்டேன், பாருங்க."

இப்படிச் சொல்லிக்கொண்டே வேலுச்சாமி அண்ணன் கார் சாவியை மேஜைமேல் போட்டார். சீட் கவர் பார்க்க வந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். திருச்செங்கோட்டில் கார் ஆடியோ மாட்டும் வேலையில்தான் என் தலை நரைத்தது. அந்த அனுபவத்துக்கே அன்று வியர்த்துவிட்டது. அண்ணன் ரிக் ஓனர், போர்வெல் தோண்டும் லாரிகள் வைத்திருப்பவர். அவர் ஒரு கடையைக் கைகாட்டினால் மற்ற ரிக் ஓனர்களின் கார்களும் அங்கேதான் போகும்.

1. சின்னப் பெட்டி

அவருடைய புதுக் காருக்கு நான் மாட்டியது காம்போனன்ட் செட். கதவில் பெரிய ஸ்பீக்கர், கண்ணாடி ஓரத்துத் தூணில் சின்ன ட்வீட்டர். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாஸிவ் கிராஸ்ஓவர். உள்ளங்கை அளவுப் பெட்டிதான். உள்ளே காயிலும் கெப்பாசிட்டரும் இருக்கும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் சத்தத்தை இது இரண்டாகப் பிரிக்கும். தவில் போன்ற கனத்த சத்தம் கதவுக்கு, சலங்கை போன்ற கூர்மையான சத்தம் ட்வீட்டருக்கு. இதற்கென்று தனியாகக் கரண்ட் இழுக்க வேண்டியதில்லை, அதனால்தான் பாஸிவ். வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று. ட்வீட்டர் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ளேயே ஒரு சின்ன ஜம்பர் இருக்கும். அதைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினால் போதும்.

ட்வீட்டர் கேட்கவில்லை என்று முதல் தடவை அவர் வந்தபோதே, ஜம்பரை மேல் அளவில் செருகி அனுப்பினேன். அடுத்த வாரம் காரை எடுத்துக்கொண்டு அவர் மனைவி ஈஸ்வரி அக்கா வந்தார்.

"என்னத்தத் தம்பி பண்ணி வெச்சீங்க? பாட்டுப் போட்டா காதுல ஊசி குத்துதுங்க. பல்லெல்லாம் கூசுது."

குறைத்து வைத்தேன். அதன் பலன்தான் மேஜைமேல் விழுந்த சாவி.

2. கழற்றிப் பார்த்தது

"குமாரு, செட்டையே மாத்திக் குடுத்துரு. போலி மாட்டி வுட்டோம்னு ரிக் ஓனர் சங்கத்துல பேசுனா நம்ம கதை முடிஞ்சுது" என்று கடை ஓனர் என் காதோரம் சொன்னார்.

கிராஸ்ஓவர் இரண்டையும் மாற்றினேன். ஒயர் மாறியிருக்குமோ என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. எனக்கு ட்வீட்டர் கணீரென்று பாடுகிறது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த அண்ணனோ உதட்டைப் பிதுக்குகிறார்.

கடைசியாக, கதவு ஸ்பீக்கர்களின் ஒயரைக் கழற்றிவிட்டு ட்வீட்டரை மட்டும் ஓடவிட்டேன்.

"இப்ப என்னங்ணா கேக்குது?"

"பாட்டே போடலயே தம்பி. மொதல்ல போடுங்க."

அண்ணனோடு வந்திருந்த ஈஸ்வரி அக்கா கடை வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். போனைக் கீழே இறக்கினார்.

"ஏனுங்க, சலங்கச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. உங்களுக்குக் கேக்கலீங்களா?"

அண்ணன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ட்வீட்டருக்குப் பக்கத்தில் காதை வைத்தார். பழுது எங்கே என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பாட்டை நான்தான் நிறுத்தினேன்.

"ரிக்கு மெஷின் பக்கத்துல நின்னே வளந்த காதுங்க தம்பி" என்றார் அண்ணன் மெதுவாக. "கம்ப்ரசர் போடுற சத்தத்துல பக்கத்துல இருக்கறவன் கத்துனாலும் கேக்காது. காதுல பஞ்சு வெச்சாக்கூடச் சிரிப்பானுங்க."

அக்கா வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போன் அடிச்சா எடுக்கறதே இல்ல. வேணும்னே பண்றாருன்னு எத்தன சண்டை போட்டேன் தெரியுங்களா! வாயத் தொறந்து சொல்லக் கூடாதுங்களா?"

"கேக்கலைன்னு தெரிஞ்சாத்தானே ஈஸ்வரி சொல்றதுக்கு?"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அண்ணனை இடப்பக்கம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அன்று அக்காவே காரை ஓட்டிக்கொண்டு போனார்.

3. வலம் வேறு, இடம் வேறு

ஈரோட்டில் காது டாக்டரைப் பார்த்துவிட்டு மறுபடி வந்தார்கள். கூர்மையான சத்தம் கேட்கும் திறன் போய்விட்டது, திரும்ப வராது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். காதில் மாட்டிக்கொள்ளும் மெஷினுக்கும் சொல்லியிருந்தார். அது வரும் வரைக்கும் காரில் ஏதாவது செய்ய முடியுமா என்று அண்ணன் கேட்டார்.

பக்கத்துக்கு ஒரு பெட்டி இருப்பது அங்கேதான் உதவியது. வலப்பக்கத்து ஜம்பரை மேல் அளவுக்கும் இடப்பக்கத்து ஜம்பரைக் கீழ் அளவுக்கும் மாற்றினேன். வலப்பக்க ட்வீட்டரை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். எங்கள் தொழிலில் இதைக் கோணல் செட்டிங் என்பார்கள். கோணலாகவே இருக்கட்டும்.

"கொஞ்சமாக் கேக்குதுங்க" என்றார் அண்ணன். "உனக்கு எப்படிக் கேக்குது?" என்று அக்காவிடம் கேட்டார்.

"எனக்கு ஊசி குத்தல. அது போதுமுங்க."

அதன்பிறகு அவர் ரிக்குகளில் வேலை செய்யும் எல்லோருக்கும் காதை மூடும் மஃப் வாங்கிக் கொடுத்தார். போடாதவன் மெஷினைத் தொடக் கூடாது என்று உத்தரவு. அவர்களில் ஒரு டிரில்லர் நேராக எங்கள் கடைக்கு வந்து, "அண்ணா, இதுல பாட்டு எப்படிங்க வெக்கறது?" என்று கேட்டான். பாட்டு வராமல் இருக்கத்தான் அது என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அண்ணன் எனக்கும் ஒன்று கொண்டுவந்து தந்தார். "நீங்களும் நாளெல்லாம் டொம்மு டொம்முன்னு வெச்சுட்டுத்தானே இருக்கறீங்க? போய் ஒருக்காப் பாத்துட்டு வாங்க."

போனேன். இடக்காதில் லேசாக மங்கல் இருக்கிறது என்றார் டாக்டர்.

தொழிலுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. சத்தம் சரியில்லை என்று ஒருவர் வந்து நின்றால், கதவுப் பலகையைக் கழற்றுவதற்கு முன்னால் அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, அவருக்கு என்ன கேட்கிறது என்று கேளுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அவருடைய வலப்பக்கத்தில் உட்கார முடியாது, அங்கே கதவுதான் இருக்கிறது. இடப்பக்கம் உட்கார்ந்தால் என் நல்ல காது அவர் பக்கம் இருக்கும்.